அலவத்துகொட ஏற்றத்தில் ஒரு பனி டயர்

கண்டியிலிருந்து மாத்தளை ஏறக்குறைய 26 கி.மீ. வெயில் நாளில் அது சிறிய பயணம். ஐப்பசி மழையில் அந்தக் கணக்கு செல்லாது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. கீழே மகாவலி செம்மண் கரைத்துக்கொண்டு ஓடுகிறது. பாலம் தாண்டி அம்பதென்ன பக்கம் திரும்பினால் பாதை மேட்டிலும் பள்ளத்திலுமாகப் போகிறது. ஒரு பக்கம் வெட்டிய மண் சுவர், மறுபக்கம் வீட்டுக் கூரைகள். கராம்பும் மிளகும் சாதிக்காயும் வளரும் தோட்டங்களிலிருந்து வழியும் நீர் காய்ந்த இலை, மணல், சேறு எல்லாவற்றையும் தாருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இதுதான் ஏ-9. யாழ்ப்பாணம் வரை சுமார் 320 கி.மீ. நீளும் வீதியின் முதல் துண்டு இந்த மலைப்பாதை. தம்புள்ளைச் சந்தைக்கு மலைநாட்டு மரக்கறி ஏற்றிப்போகும் லொறிகள், யாழ்ப்பாணம் போகும் பஸ்கள், மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிடப் போகும் குடும்பங்களின் வேன்கள், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய முச்சக்கர வண்டிகள் என்று எல்லாமே இந்தக் குறுகிய வழியில்தான் போய்வர வேண்டும்.

நாங்களும் மாத்தளைக் கோயிலுக்குத்தான் புறப்பட்டிருந்தோம். மொன்றியலிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் மாமா மகனும் நானும் வாடகை வேன் ஒன்றில் போனோம். சாரதி மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த இளைஞர். வளைவு வருமுன்பே கியரைக் குறைத்து, பிரேக்கை மெல்ல மெல்லத் தொட்டு ஓட்டுகிற பொறுமைசாலி. “மழை விடாமப் பேஞ்சா ரோடு கழுவிடும் அண்ணே, அவ்வளவு பயமில்ல. தூறத் தொடங்கின முதல் பத்து நிமிசந்தான் பொல்லாதது” என்றார். அவர் சொன்னது அனுபவம் மட்டுமல்ல, இயற்பியலும்தான். காய்ந்த நாட்களில் தாரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் டயர்த் தூசும் முதல் தூறலோடு கலந்து வழுக்கும் பூச்சாகிவிடும். கனமழை பெய்த பிறகுதான் அது கழுவப்பட்டுப் போகும்.

அக்குறணையில் வண்டி ஊர்ந்தது. ஆறாம் கட்டை, ஏழாம் கட்டை என்று மைல் கற்களின் பெயரிலேயே சந்திகள் அறியப்படும் வணிக ஊர் அது. பிங்கா ஓயா பெருகினால் ஆற்று நீர் ஏ-9 வீதிக்கே ஏறிவந்து கடைகளுக்குள் புகுந்துவிடும். அக்குறணை ஆட்களுக்கு இது பழக்கமாகிப்போன துன்பம். வடிந்த பிறகும் வீதியில் மெல்லிய சேற்றுப் படலம் தங்கிவிடுகிறது. வெள்ளத்தைப் பார்த்துப் பயப்படுகிற நாம் அது விட்டுப்போன சேற்றைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

அலவத்துகொடவை நெருங்கும்போது பின்சக்கரம் ஒன்றில் காற்றுக் குறைவதைச் சாரதி உணர்ந்துவிட்டார். அங்கும்புரைக்குப் பிரியும் வீதியைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு டயர் கடையில் வண்டியை நிறுத்தினார். வாசலில் கழற்றிய டயர்கள் அடுக்கியிருந்தன. கம்பிரஸரின் இரைச்சலுக்கு மேல் மழை கூரையில் கொட்டியது. கடைக்காரரை எல்லாரும் நானா என்றே கூப்பிட்டார்கள். எங்கள் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, குத்தியிருந்த ஆணியை அவர் உருவிக்கொண்டிருந்தபோதுதான் என் மச்சான் பக்கத்து வாகனத்தைக் கவனித்தான்.

அது ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார். ஜாக்கில் ஏறி நின்றது. “இங்க வந்து பார். பனி டயர்!” என்று கூப்பிட்டான். டயரின் பக்கச் சுவரில் மூன்று முடி கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள் சின்னம். பக்கத்தில் ‘ஸ்டட்லெஸ்’ என்று எழுத்து. மொன்றியல்காரனுக்கு அது அன்றாடப் பழக்கம். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் இல்லாமல் வாகனம் ஓட்டுவது சட்டப்படி குற்றம். ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றுவது அவன் வீட்டில் தீபாவளி, பொங்கல் போலத் தவறாமல் நடக்கும் காரியம். அந்த டயரைப் பனியே விழாத கண்டி மாவட்டத்தில் பார்த்ததும் அவனால் நம்ப முடியவில்லை.

குனிந்து பார்த்தேன். சாதாரண டயரில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. ஒவ்வொரு இறப்பர்க் கட்டியின் மேலும் கூரிய கத்தியால் கீறியதுபோல நெளிநெளியான மெல்லிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் ஓடின. நகத்தால் அழுத்தினால் இறப்பர் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அடுத்திருந்த சாதாரண டயரில் நகம் பதியவே இல்லை.

அந்த மென்மைக்குக் காரணம் இருக்கிறது. குளிர் கூடக் கூட இறப்பர் விறைக்கும். வெப்பநிலை ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் பிடிமானம் குறையத் தொடங்கும். அதனால் பனி நாட்டு டயருக்கு உறைகுளிரிலும் நெகிழ்ந்து கிடக்கும் கலவையைச் சேர்க்கிறார்கள். இயற்கை இறப்பரின் பங்கும் அதில் பொதுவாகக் கூடுதல். மெல்லிய வெட்டுகளின் ஓரங்கள் பனியைக் கவ்வும். 1930களில் பின்லாந்தின் நோக்கியா நகரில் இயங்கிய இறப்பர் ஆலை முதல் பனி டயரைச் செய்த காலத்திலிருந்தே இந்த ஆராய்ச்சி நடந்துவருகிறது. ஜப்பானில் ஒரு காலத்தில் ஆணி பதித்த பனி டயர்களே ஓடின. அவை தாரைச் சுரண்டிக் கிளப்பிய தூசி நகரங்களின் காற்றையே கெடுத்ததால் 1990இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். ஆணிக்குப் பதிலாக, பனிக்கட்டியின் மேல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சும் மென்மையான இறப்பரை உருவாக்கினார்கள். ‘ஸ்டட்லெஸ்’ என்றால் ஆணி இல்லாதது. ஹொக்கைடோவின் உறைந்த வீதிக்கு அது அருமையான டயர்.

கண்டிக்கு அது பொருந்தாது. இங்கே ஆண்டின் எந்த மாதத்திலும் வெப்பநிலை 7 பாகைக்கு இறங்குவதில்லை. நுவரெலியாவில் தை மாதத்தில் புல்லில் உறைபனி படிவதுண்டு. அங்கும் வீதியில் பனி குவிவதில்லை. வெயிலில் சூடேறும் தாரில் அந்த மென்மையான இறப்பர் இன்னும் இளகி, திரும்பும்போது கட்டிகள் ஆடும், விரைவாகத் தேயும். வெதுவெதுப்பான ஈர வீதியில் பிரேக் அடித்தால், மழைக்கென்று செய்த நல்ல டயர் நிற்கும் இடத்தைத் தாண்டியே நிற்கும். ஜப்பானிலிருந்து பழைய வாகனங்களை இறக்கும் நியூசிலாந்தில் இந்தச் சிக்கலுக்கு விதியே இருக்கிறது: பனி டயர் போட்டால் நான்கு சக்கரத்திலும் போட வேண்டும், டயரில் வெட்டிய பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. முன்னால் இரண்டு சாதாரண டயர், பின்னால் இரண்டு பனி டயர் என்று கலந்து போட்டால் ஒரே வண்டிக்கு இரண்டு விதமான பிடிமானம். வளைவில் அது சுழற்றிவிடும்.

காரின் சொந்தக்காரர் ஓர் ஆசிரியர். “டயர் புதுசு மாதிரி இருக்கு நானா, ஏன் மாத்தணும்?” என்று கேட்டார். நானா டயரைச் சுழற்றி, பள்ளங்களுக்கு நடுவே கொஞ்சம் மேடாகத் தெரிந்த ஒரு திட்டைக் காட்டினார். ஜப்பான் பனி டயர்களில் பாதி தேய்ந்ததும் மேலே தெரிவதற்கென்றே வைத்திருக்கும் அடையாளம் அது. அந்தக் காரின் டயரில் அது மேற்பரப்புக்கு வந்துவிட்டிருந்தது. “பாருங்க சேர், ஜப்பான்லயே பனிக்கு இது முடிஞ்சு போச்சு. நம்ம ரோட்டுக்கு இது தொடங்கவே இல்ல” என்றார். பிறகு பக்கச் சுவரின் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களில் விரலை வைத்தார். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் ஆண்டு. ‘2317’ என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்த டயர் என்று அர்த்தம். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஆண்டுகள் கடந்த இறப்பர் காய்ந்து நுண்ணிய வெடிப்பு விடும்.

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் வந்த பொருளாதார நெருக்கடியில் டயர் விலை சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. மொட்டை டயரோடு ஓடியவர்களும் நூல் தெரியும்வரை ஓடியவர்களும் பாவனைப்பட்ட டயரைத் தேடி அலைந்தவர்களும் ஏராளம். அந்தப் பழக்கம் இன்னும் முழுதாக விடவில்லை. வாகனத்தோடு சேர்ந்து வந்த டயரைக் கழற்றி எறிய யாருக்கும் மனம் வராது. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த மலையின் மழைக்கு எங்கள் பணக்கஷ்டம் தெரியாது.

நானா ஒரு நல்ல காரியம் செய்தார். விலைப் பட்டியலை எடுக்காமல், ஒரு தேய்ந்த டயரையும் ஒரு புதிய டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதிய டயரில் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர். சுற்றிவர நேராக ஓடும் அகலமான பள்ளங்கள் தண்ணீரைப் பின்னால் தள்ளுகின்றன. குறுக்கே போகும் பள்ளங்கள் அதைப் பக்கவாட்டில் வெளியேற்றுகின்றன. வண்டியின் முழுப் பாரமும் ஒவ்வொரு சக்கரத்திலும் ஓர் உள்ளங்கை அளவுள்ள இடத்தில்தான் வீதியைத் தொடுகிறது. அந்த இடத்திலிருந்து தண்ணீர் விலகினால்தான் இறப்பர் தாரைப் பிடிக்கும்.

வித்தியாசத்தைக் கணக்காகச் சொன்னால் இன்னும் விளங்கும். நல்ல டயரோடு ஈர வீதியில் உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்துக்கொள்வோம், மொட்டை டயருக்கு 0.35. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி சமதளத்தில் முதலாவதோடு 10 மீற்றருக்குச் சற்று மேலேயும் இரண்டாவதோடு 18 மீற்றரிலும் நிற்கும். அதே வீதி நூற்றுக்கு எட்டு என்ற சரிவில் இறங்கினால் 12 மீற்றர், 23 மீற்றர். சாரதி ஆபத்தைக் கண்டு காலை வைக்கும் ஒரு விநாடியில் வண்டி இன்னும் 11 மீற்றர் ஓடியிருக்கும். அலவத்துகொடவுக்கும் மாத்தளைக்கும் இடையில் பலகடுவ வளைவுகளில் எதிரே ஒரு பஸ் வந்தால், அந்தப் பத்துப் பதினொரு மீற்றர்தான் உயிருக்கும் விபத்துக்கும் நடுவே நிற்கிறது.

மாத்தளை தாண்டிச் சமவெளிக்கு இறங்கினால் ஆபத்தின் வடிவம் மாறுகிறது. தம்புள்ளைக்கு அப்பால் வீதி நீண்டு நேராகும், கால் தானாக அழுத்தும். வேகத்தோடு தேங்கிய நீரில் ஏறினால் டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் அப்போது பயன்படாது. 1960களில் விமான டயர்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் கண்ட ஒரு விதி உண்டு: இந்த மிதப்பு தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். அந்தக் கணக்கில் 32 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் மணிக்கு 94 கி.மீ. அளவில் மிதக்கும். காற்று 20 பிஎஸ்ஐக்கு இறங்கியிருந்தால் 75 கி.மீ.யிலேயே மிதக்கும். பள்ளம் தேய்ந்திருந்தால் அதற்கும் முன்பே. காற்றுப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. அதுவும் டயர் ஆறியிருக்கும் காலையில் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூட்டிக் காட்டும்.

புதிய டயர் எடுக்க வந்த எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான் என்றார் நானா: “இது எத்தன ஆயிரம் கிலோமீற்றர் ஓடும்?” நியாயமான கேள்விதான். ஆனால் நீண்ட நாள் உழைக்கச் செய்த கடின இறப்பர் ஈரத்தில் பிடிமானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இரண்டையும் ஓரளவு சேர்த்துத் தருவது 1990களில் கலவையில் சிலிக்கா புகுந்த பிறகுதான் இயன்றது. ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு டயருக்கும் ஈரப் பிடிமானத்துக்கு எழுத்துத் தரம் ஒட்டுகிறார்கள். பழைய அட்டவணையில் முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் இடையில், 80 கி.மீ. வேகத்தில் நிற்கும் தூரம் 18 மீற்றர் வரை வேறுபட்டது. இங்கே விற்கும் பல டயர்களின் பக்கச் சுவரில் ‘டிராக்‌ஷன்’ என்று எழுதி ஏஏ, ஏ, பி, சி என்ற எழுத்து இருக்கும். ஈர வீதியில் நேராக பிரேக் அடித்துப் பார்த்த சோதனையின் முடிவு அது. கண்டி, மாத்தளை, நுவரெலியா பக்கம் ஓடும் வாகனத்துக்கு ஏ-க்குக் கீழே எடுக்கவேண்டாம் என்பது நானாவின் கட்டளை. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இன்னும் சிலவற்றை அவர் விரல் மடக்கிச் சொன்னார். இரண்டு டயர் மட்டும் வாங்கப் பணமிருந்தால், அவற்றைப் பின்சக்கரத்தில் போட வேண்டும். முன்னால் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீட்கலாம், பின்னால் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். ரீபில்ட் டயரை முன்னால் பூட்டவே கூடாது. மண் வீதியிலும் தோட்டப் பாதையிலும் ஓடும் வண்டிகளில் காணும் ‘எம் பிளஸ் எஸ்’ எழுத்து சேற்றுக்கும் மிதமான பனிக்கும் என்று செய்பவர் சொல்லும் அடையாளம். மலைச் சின்னம்தான் பனியில் சோதித்துத் தேறியது. முச்சக்கர வண்டியின் சின்ன டயருக்கும் இதே அக்கறை வேண்டும். மூன்றே சக்கரத்தில் மூன்று பிள்ளைகளை ஏற்றிப்போகும் வண்டியில் ஒரு டயர் மொட்டையானாலும் வீதியைப் பிடிக்கும் மூன்று பிடிகளில் ஒன்று தளர்ந்துவிடும்.

ஆசிரியர் கடைசியில் நான்கு டயரையும் மாற்றச் சம்மதித்தார். பணத்தை இரண்டு தவணையாக வாங்க நானா ஒத்துக்கொண்டார். கழற்றிய பனி டயர்களை ஓரமாக அடுக்கியபோது நான் அவற்றின் இறப்பரைத் தடவிப் பார்த்தேன். 1876இல் பிரேசில் காட்டிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அதே ஆண்டு 1,900க்கும் மேற்பட்ட நாற்றுகள் கப்பலேறி கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்தன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு அங்கிருந்து வித்துப் போனது. பால் வெட்டி டயருக்கு உயிர் கொடுத்தவர்களில் எங்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். இறப்பர் தந்த நாட்டின் வீதிகளில் அந்த நாட்டு மக்கள் மொட்டை டயரில் ஓடவேண்டியிருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

மழை சற்று ஓய்ந்தபோது புறப்பட்டோம். பலகடுவயில் மேகம் பாதையில் இறங்கி நின்றது. சாரதி விளக்கைப் போட்டு, முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு ஏறினார். மலைச்சரிவில் புதிய மண் வெட்டின தடம் ஆங்காங்கே தெரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மழையில் கண்டி மாவட்டம் கண்ட மண்சரிவுகளை யாரும் மறக்கவில்லை. மண் சரியும்போது உலகின் எந்த டயரும் காப்பாற்றாது. அப்படிப்பட்ட நாட்களுக்கு இருப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைதான். சிவப்பு எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே அறிவு. ஆனால் ஆண்டின் எத்தனையோ சாதாரண மழை நாட்களில், நாம் வீடு சேர்வது நம் சக்கரத்தைப் பொறுத்திருக்கிறது.

மாத்தளைக் கோயிலில் கும்பிட்டுத் திரும்பும் வழியெல்லாம் என் மச்சான் டயர்களையே பார்த்துக்கொண்டு வந்தான். கியூபெக்கில் பனி டயருக்கு அரசாங்கம் நாள் குறித்துச் சொல்கிறது. இங்கே மழைக்கு யாரும் நாள் குறிப்பதில்லை. நாமே குறித்துக்கொள்வோம். புரட்டாசி முடியுமுன் ஒரு காலை நேரம் ஒதுக்கி, காற்றைப் பாருங்கள். பள்ளத்தைப் பாருங்கள். சட்ட எல்லையாகப் பல நாடுகள் வைத்திருப்பது 1.6 மில்லிமீற்றர், மலை மழைக்கு 3 மில்லிமீற்றருக்குக் கீழே போகவிடாதீர்கள். நான்கு இலக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். பக்கச் சுவரில் மலையும் பனித்துகளும் ‘ஸ்டட்லெஸ்’ எழுத்தும் இருந்தால், டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள். கடையில் போய் நின்றதும் எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் என்று கேட்குமுன், மழையில் எத்தனை மீற்றரில் நிற்கும் என்று கேளுங்கள்.